காயாக்கிலும் பரிசலிலும் விரால் பிடிப்பது: சேலம், மேட்டூர் பக்கத்துக்கான முழு வழிகாட்டி

ஏரிக்கரையில் நின்று நன்றாக விரால் பிடிப்பவர்கள் காயாக்கில், அதாவது துடுப்பு போடும் ஒடுங்கிய சிறு படகில், ஏறியதும் வெறுங்கையோடு திரும்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கை அதே கை, இரையாக வீசும் ரப்பர் தவளையும் அதே தவளை. ஆனால் காலுக்குக் கீழே தரை இல்லை. வீசினால் படகு திரும்புகிறது. இழுத்தால் படகு முன்னே நகர்கிறது. காற்று வந்தால் மீன் இருக்கும் பாசிக்குள்ளேயே படகைக் கொண்டுபோய்ச் செருகிவிடுகிறது. அதனால் இங்கே படகுதான் முதலில் வரும், தூண்டில் அப்புறம்.

கடையில் கிடைக்கும் காயாக் தூண்டில் சாமான்களில் பெரும்பங்கு அமெரிக்காவின் பாஸ் மீனுக்காகச் செய்தவை. அந்த மீன் நம் ஊர் ஏரியில் கிடையாது. ஆனாலும் பாஸும் விராலும் பாசி, மரம், நாணல் மறைவில் ஒளிந்திருந்து பாய்ந்து அடிப்பவை. அதனால் பாஸ் சாமான் விராலுக்குப் பெரும்பாலும் ஒத்துவரும். மாறுவது மூன்று விஷயம்: விரால் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும், அதன் பல் கூர்மை, தாடை எலும்பு கெட்டி. கீழே நான் சொல்லும் பல முடிவுகளுக்கு இந்த மூன்றும்தான் காரணம்.

1. முதலில் கேட்க வேண்டியவர்களைக் கேளுங்கள்

நம் ஏரி, குளங்களில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகைதாரர் குஞ்சு விட்டு, காவல் வைத்து வளர்க்கும் மீன் அது. ஒரு நாள் முன்பே போய் அவரிடம் பேசிவிடுங்கள். "கட்லா, ரோகு பக்கம் போக மாட்டேன், விரால் மட்டும்தான்" என்று சொன்னால் பலர் சம்மதிப்பார்கள், ஏனென்றால் அவர் விட்ட குஞ்சுகளை விரால் தின்கிறது.

மேட்டூர் அணை நீர்த்தேக்கத்தில் மீன்வளத் துறையின் உரிமம் பெற்ற மீனவர்கள் தொழில் செய்கிறார்கள். அங்கே துறை அலுவலகத்தில் கேட்காமல் இறங்காதீர்கள். அணைச் சுவர், 16 கண் மதகுப் பகுதிக்கு அருகில் எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது. ஏற்காடு ஏரி சுற்றுலாப் படகுகளின் இடம், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூக்கனேரியின் நடுவில் இருக்கும் மரத் திட்டுகளில் பறவைகள் தங்குகின்றன. அங்கே படகோடு நெருங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2. படகைத் தேர்ந்தெடுப்பது

புதியவருக்கு மேலே உட்காரும் வகைக் காயாக்தான் நல்லது. உள்ளே நுழைந்து உட்காரும் வகை கவிழ்ந்தால் நீர் நிரம்பிவிடும், நடு ஏரியில் தனியாக இறைக்க முடியாது. மேலே உட்காரும் வகையில் நீர் துளைகள் வழியாகத் தானே வடிந்துவிடும். நீளம் 10 முதல் 12 அடி, அகலம் 32 அங்குலத்துக்குக் குறையாமல் பாருங்கள். குறுகலான காயாக் வேகமாகப் போகும்தான், ஆனால் வீசும்போது ஆடும்.

தாங்கும் எடை என்று எழுதியிருக்கும் அளவை முழுதாக நம்பாதீர்கள். உங்கள் எடையும் சாமான் எடையும் சேர்ந்து அதில் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் படகு மிதக்கும், ஆனால் ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிராது.

காற்றடைத்த காயாக் விலை குறைவு, பைக்கிலேயே கட்டிக்கொண்டு போகலாம் என்று பலர் வாங்குகிறார்கள். நம் பக்கத்துக்கு அது சரிவராது. பனமரத்துப்பட்டி ஏரியைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சீமைக்கருவேலம் காய்ந்த ஏரிக்குள் வளர்ந்து, மழை வந்ததும் நீருக்குள் மூழ்கி நிற்கும். விரால் விரும்பி ஒதுங்குவதும் அந்த முள்ளுக்குள்தான். கெட்டி பிளாஸ்டிக் காயாக்கில் அந்த முள் கீறலோடு போய்விடும், காற்றடைத்ததில் பயணமே முடிந்துவிடும்.

பரிசல் பற்றித் தனியாகச் சொல்கிறேன். மோட்டார் வைத்த ஃபைபர் படகு என்றால் ஒன்றே ஒன்று: பாசிக்கு 100 அடி தள்ளியே இன்ஜினை அணைத்துவிட்டுத் துடுப்பு போட்டு நெருங்குங்கள். ஆழம் குறைந்த இடத்தில் இன்ஜின் சத்தம் கேட்ட விரால் சீக்கிரம் தவளையைத் தொடாது.

3. தூண்டிலைத் தொடும் முன் கவிழ்ந்து பழகுங்கள்

இதைத் தள்ளிப்போடுபவர்கள்தான் அதிகம். லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, நெஞ்சளவு நீரில், கூட ஒருவரை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே கவிழுங்கள். தூண்டில் சாமான் எதுவும் படகில் வேண்டாம்.

கவிழ்ந்த காயாக்கின் அடிப்பக்கத்துக்குக் குறுக்கே எட்டி, அந்தப் பக்க விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் நிமிரும். பிறகு இருக்கைக்கு நேராக வந்து, இரண்டு கையையும் படகின் மேல் வைத்து, காலைப் பின்னால் நீட்டி நீந்துவதுபோல் உதையுங்கள். உடம்பு நீர்மட்டத்துக்கு வந்ததும் வயிறு படகின் மேல் படும்படி சறுக்கி ஏறுங்கள். அப்புறம் புரண்டு இடுப்பை இருக்கையில் வையுங்கள். கால் கடைசியில்தான் உள்ளே வர வேண்டும்.

புதியவர்கள் நேராகத் தொங்கியபடி கையால் உடம்பைத் தூக்கப் பார்ப்பார்கள். கால் படகுக்கு அடியில் போய்விடும், படகு மறுபடி அவர்கள் மேலேயே கவிழும். காலை உதைப்பதுதான் உடம்பைத் தூக்கும். மூன்று முறை உதவியில்லாமல் ஏறிய பிறகுதான் உங்களைத் தனியாக விட நான் சம்மதிப்பேன்.

லைஃப் ஜாக்கெட்டைத் தோள்பட்டையில் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள். காதைத் தாண்டி ஏறினால் அது தளர்வு. முதுகுப்பக்கம் நுரை மேல்பாதியில் மட்டும் இருக்கும் வகை வாங்கினால் காயாக் இருக்கையில் இடிக்காது. இடிக்கும் ஜாக்கெட்டை வெயில் ஏறியதும் கழற்றி வைத்துவிடுவார்கள், அதனால் இது சௌகரிய விஷயம் மட்டும் இல்லை. லுங்கி வேண்டாம், ஜீன்ஸும் வேண்டாம். லுங்கி காலைச் சுற்றும், ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும். முள்ளுக்காகக் காலில் மெல்லிய ஷூ இருக்கட்டும்.

4. ராட், ரீல், நூல்

ராட் ஆறரை முதல் ஏழு அடி, மீடியம் ஹெவி (நடுத்தரத்துக்கு மேல் விறைப்பு), நுனி மட்டும் வளையும் வகை. கனமான ராட் எதற்கு என்றால், விராலின் தாடையில் தூண்டில் முள் இறங்கவும், அதைப் பாசிக்கு மேலே தூக்கவும் பலம் வேண்டும். கைப்பிடியின் பின்முனை இடிக்கிறதா என்று கடையிலேயே உட்கார்ந்து பாருங்கள். கரையில் நன்றாக இருக்கும் நீளக் கைப்பிடி, காயாக்கில் உட்கார்ந்ததும் ஜாக்கெட்டில் சிக்கும்.

ரீல் விஷயத்தில் என் யோசனை: முதல் ஆறு மாதம் 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல் போதும். பெய்ட்காஸ்டர் (நூல் உருளையே சுழன்று நூலை விடும் ரீல்) பாசியில் இழுக்க நல்லதுதான். ஆனால் காற்றுக்கு எதிராக வீசும்போது அதில் நூல் சிக்கல் விழும், சிக்கலைப் பிரிக்கும் ஐந்து நிமிடத்தில் படகு எங்கோ போய் நிற்கும்.

நூல் 40 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு (பல இழை பின்னிய நூல்), கரும்பச்சை. தங்கூசி (ஒற்றை இழை நைலான் நூல்) இங்கே வேண்டாம். அது நீளும், 60 அடி தள்ளி இருக்கும் மீன் வாயில் முள் இறங்கும் முன் உங்கள் வேகம் முழுதும் அந்த நீட்சியிலேயே போய்விடும். பிரெய்டு நீளாது, பாசித் தண்டையும் அறுத்துக்கொண்டு வரும். அடர்ந்த பாசி என்றால் தவளையைப் பாலோமர் முடிச்சில் நேராகப் பிரெய்டில் கட்டுங்கள். கல், மரம் இருக்கும் தெளிந்த நீரில் மட்டும் இரண்டு அடி ஃப்ளூரோகார்பன் லீடர் (தவளைக்கு முன் சேர்க்கும் தனி நூல் துண்டு) சேர்க்கலாம், இரட்டை யூனி முடிச்சு போதும்.

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் நூலின் கடைசி இரண்டு அடியை நகத்தால் உருவிப் பாருங்கள். விரால் பல் பட்ட இடம் சொரசொரவென்று இருக்கும். அப்படி இருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போனது என்று வருத்தப்படுபவர்களில் பலர் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

5. தவளையைத் தயார் செய்வது

ஆரம்பத்தில் மூன்று வகை இரை போதும். பாசிக்கு மேலே இழுக்க உள்ளே வெற்றிடமான ரப்பர் தவளை. பாசி ஓரத்துத் திறந்த நீருக்குச் சின்ன தகடு சுழலும் ஜம்ப் ஃப்ராக். மூழ்கிய மரத்துக்கு, முள் ரப்பருக்குள் மறையும்படி கோத்த சாஃப்ட் பிளாஸ்டிக். பெட்டி நிறைய வாங்குபவர் நேரத்தை மாற்றுவதிலேயே செலவழிப்பார். நிறத்தில் கருப்பு ஒன்று, வெளிர் ஒன்று இருந்தால் ஆயிற்று. மீன் அதைக் கீழிருந்து வானத்தின் பின்னணியில்தான் பார்க்கிறது.

புதுத் தவளையை அப்படியே வீச வேண்டாம். அதை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் முதுகை அழுத்துங்கள். ரப்பர் அமுங்கி இரண்டு முள்ளும் முழுதாக வெளியே வர வேண்டும். கெட்டியாக இருந்தால் வெந்நீரில் சிறிது நேரம் போட்டுப் பிசைந்தால் இளகும். பிறகு மூக்குக் குறட்டால் இரண்டு முள்ளையும் மிகக் கொஞ்சம், ஒரு நூல் அளவு, வெளிப்பக்கமும் மேலேயும் விரியுங்கள். அதிகம் விரித்தால் பாசியை அள்ளும். மூக்கில் நூல் கண்ணி வரும் துளை வழியாக நீர் உள்ளே போகும், அதனால் சில வீச்சுக்கு ஒருமுறை தவளையைப் பிழிந்துவிடுங்கள். நீர் நிறைந்த தவளை பின்பக்கம் அமிழ்ந்து முள்ளோடு பாசியில் மாட்டும்.

முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுவது என் வழக்கம். ஆடும் படகில் என்றாவது ஒரு நாள் முள் உங்கள் கையில் ஏறும். நசுக்கியிருந்தால் வந்த வழியே உருவிவிடலாம். எப்படி இருந்தாலும் டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

6. படகில் அடுக்குவது

எடுத்ததும் கைக்கு வர வேண்டியவை முன்னால், தொடையை ஒட்டி: குறடு, வாய்ப்பிடி (மீனின் தாடையைப் பிடிக்கும் கருவி), கத்தி, ஒரு சின்ன டப்பாவில் நான்கு தவளை. தண்ணீர், சாப்பாடு, நீர் புகாத பையில் செல்போன், தலை விளக்கு எல்லாம் பின்னால். விசில் ஜாக்கெட்டிலேயே இருக்கட்டும். ராட் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

நீரில் விழக்கூடிய எல்லாவற்றுக்கும் கயிறு கட்டுங்கள், துடுப்புக்கு முதலில். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு ஆடி மாதக் காலையில் மீன் அடித்ததும் மடியில் இருந்த துடுப்பை மறந்துவிட்டேன். அது சறுக்கி நீரில் விழுந்தது, மீனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது காற்று அதை 30 அடிக்கு அப்பால் கொண்டுபோயிருந்தது. கையாலேயே நீரைத் தள்ளித் தள்ளிக் கரை சேர அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. காயாக்கில் துடுப்பு இல்லையென்றால் நீங்கள் போகும் திசையைக் காற்றுதான் முடிவு செய்யும்.

7. நாள், நேரம், நீர்மட்டம்

விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை, அப்புறம் மாலை நான்கரைக்கு மேல். இடைப்பட்ட வெயிலில் விரால் அடர்ந்த பாசிக்கு அடியில் போய்விடும், அதைவிட நீங்கள் வாடிப்போவீர்கள்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். காயாக் அம்மியைவிட லேசு. ஆனி, ஆடியில் காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். எந்த மாதமானாலும் போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். தெம்பு இருக்கும்போது கஷ்டம் முடிந்துவிடும், களைத்துத் திரும்பும்போது காற்று உதவும். இடிச் சத்தம் கேட்டால் உடனே கரைக்கு வாருங்கள். கார்பன் ராட் மின்சாரம் பாயும் பொருள், பரந்த ஏரியில் உயரமாக நிற்பதும் நீங்கள் ஒருவர்தான்.

மேட்டூர் என்றால் தினமும் செய்தியில் வரும் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். 1934-ல் கட்டி முடித்த அணை, நீர்மட்டத்தின் முழு அளவு 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. நமக்கு முக்கியம் அன்றைய எண் மட்டும் இல்லை, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான். ஏறும்போது நீர் புதுப் புல்வெளி, சோளக்காடு, முள்ளுப் புதருக்குள் நுழையும். அங்கே பூச்சியும் தவளையும் கிடைக்கும் என்பதால் விரால் இரண்டு மூன்று அடி ஆழத்துக்கே வந்துவிடும், ஓரத்திலேயே தேடலாம். இறங்கும்போது ஓரத்து மீன் பின்வாங்கி, முதல் பள்ளம், பழைய வரப்பு, மூழ்கிய மரம் என்று ஒதுங்கும். கரைக்கு அருகே வீசிப் பயன் இல்லை.

நீர் மிகவும் வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடியில் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். படம் எடுக்கக் கூட்டம் போகும். அப்போது நீங்களும் போய், சுற்றியிருக்கும் பழைய வரப்பு, கட்டைச் சுவர், ஓடைப் பள்ளம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நீர் ஏறிய பிறகு எந்தக் கருவியும் அவ்வளவு தெளிவாகக் காட்டாது.

அணைக்குக் கீழே பூலாம்பட்டி பக்கம் என்றால் வேறு கணக்கு. மேலே திறக்கும் நீரின் அளவு கூடினால் ஆறு வேகம் எடுக்கும். வெள்ள எச்சரிக்கை உள்ள நாட்களில் ஆற்றில் இறங்காதீர்கள். காவிரியில் முதலைகளும் உண்டு. மீனவர்கள் வேண்டாம் என்று சொல்லும் மடுவில் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டாம்.

8. படகை நிறுத்துவது

இதுதான் முழு வழிகாட்டியிலும் கவனம் அதிகம் வேண்டிய இடம்.

வீசப்போகும் இடத்துக்கு 50, 60 அடி முன்பே துடுப்பை நிறுத்துங்கள். காயாக் தானாக நகர்ந்து வந்து வேகம் குறையட்டும். துடுப்பு படகில் இடிக்கும் ஒரு சத்தம் போதும், மீன் உஷாராகிவிடும்.

உங்கள் இலக்கு எப்போதும் படகின் முன்பக்கம், கடிகார முள்ளின் 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் இருக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் அதற்குப் பின்னால் திரும்பி வீசினால் இடுப்பு முறுகும், படகு சாயும், மீன் அடித்தாலும் சுண்டிவிடப் பலம் இருக்காது. கரையில் பழகியவர்கள் உடம்பைத் திருப்புவார்கள். இங்கே முதலில் படகைத் திருப்புங்கள்.

அசையாத ஏரியில் காற்று முதுகில் படும்படி இருந்து, பின்முனையிலிருந்து நங்கூரம் விட்டால் படகு பாசியைப் பார்த்தபடி நிற்கும். காற்றோடு வீச்சும் நீளும். ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம் போதும். 10 அடி ஆழத்துக்கு 30 அடி கயிறு விடுங்கள். கயிறு செங்குத்தாக இருந்தால் நங்கூரம் தரையைப் பிடிக்காமல் தத்திக்கொண்டே வரும், சரிவாக இருந்தால்தான் பிடிக்கும்.

நங்கூரத்தைப் படகின் நடுப்பக்க விளிம்பில் கட்டவே கூடாது. கைக்கு எட்டுகிறது என்று புதியவர்கள் அங்கேதான் கட்டுகிறார்கள். காற்றோ நீரோட்டமோ தள்ளும்போது கயிறு அந்த விளிம்பைக் கீழே இழுக்கும், படகு ஒரு பக்கமாகக் கவிழும். முனைக்கும் வாலுக்கும் நடுவே ஓடும் வளையக் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டால், உட்கார்ந்த இடத்திலிருந்தே நங்கூரத்தைப் பின்முனைக்கு அனுப்பலாம். ஓடும் ஆற்றில் புதியவர் நங்கூரமே போட வேண்டாம்.

ஆறடிக்குள் ஆழம், அடியில் சேறு என்றால் நங்கூரத்தைவிட மூங்கில் கழி நல்லது. படகின் முனையில் ஒரு கயிற்று வளையம் கட்டி, அதற்குள் கழியை விட்டுச் சேற்றில் ஊன்றிவிடுங்கள். சத்தம் இல்லை, எடுக்கவும் ஒரு நொடிதான்.

கழியும் இல்லை, நங்கூரமும் இல்லை என்றால் ஆகாயத்தாமரைத் திட்டுக்குள் காயாக்கின் முனையை இரண்டு அடி ஏற்றிவிடுங்கள். பாசியே பிடித்துக்கொள்ளும். மரக்கிளையில் கட்டுவதற்கு முன் மட்டும் கிளையை நன்றாகப் பாருங்கள். நீர் சூழ்ந்த கருவேல மரத்தில் பாம்பும் குளவிக்கூடும் இருப்பது சகஜம்.

9. வீசுவதும் இழுப்பதும்

வீசும் முன் ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். விரால் காற்றுக் குடிக்க வரும்போது பாசி இடைவெளியில் 'ப்ளக்' என்று ஒரு சத்தம், சின்னச் சுழி. அந்த இடத்தின் மேலேயே தவளையைப் போடாதீர்கள், மீன் பயந்து போகும். ஐந்தாறு அடி தாண்டி வீசி, அந்த வழியாக இழுத்து வாருங்கள். தவளை நீரில் குதிக்கும் இடத்தில் மீனுக்குச் சந்தேகம் வரும், நீந்தி வருவதைப் பார்த்தால் பசி வரும்.

பாசி விளிம்புக்குச் செங்குத்தாக வீசினால் தவளை நல்ல இடத்தில் இருப்பது கொஞ்ச தூரம்தான். விளிம்பை ஒட்டிச் சாய்வாக வீசினால் வரும் வழி முழுதும் நல்ல இடம். பாசிக்கு மேலே சின்னச் சின்னத் துடிப்பாக இழுத்து, ஓட்டை வந்ததும் நிறுத்துங்கள். மூன்று எண்ணும் வரை அசைக்க வேண்டாம். அடி பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் விழும்.

செங்கல் நிறத்தில் சிறு குஞ்சுகள் கூட்டமாக நீர்மேல் கொதிப்பதுபோல் தெரிந்தால் அங்கே வீசாதீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும், எதைப் போட்டாலும் பாயும். அதைப் பிடித்துவிட்டால் கெளுத்தியும் ஜிலேபியும் சிறிது நேரத்தில் கூட்டத்தைக் காலி செய்துவிடும். சுலபமாகக் கிடைக்கும் அந்த ஒரு மீனை விட்டுவிடச் சொல்லி நான் மன்றாடிக் கேட்கிறேன்.

10. அடி விழுந்ததும்

பாசி வெடித்து நீர் தெறிக்கும். உடனே சுண்டத் தோன்றும். வேண்டாம். விரால் பாசியோடு சேர்த்துத்தான் கவ்வும், தவளை இன்னும் வாய்க்குள் முழுதாகப் போயிருக்காது. ராட் நுனியை நீர் அருகே தாழ்த்தி, தளர்ந்த நூலைச் சுற்றிக்கொண்டே "ஒண்ணு, ரெண்டு" எண்ணுங்கள். நூலில் கனம் தெரிந்ததும் சுண்டுங்கள்.

கரையில் இந்தக் காத்திருப்பு பழகியவர்களும் காயாக்கில் மீனை விடுவதற்கு வேறு காரணம் உண்டு. நீங்கள் இழுக்கும் பலத்தில் பாதியைப் படகு முன்னே நகர்ந்து தின்றுவிடும். அதனால் இரண்டு காலையும் கால்தாங்கியில் அழுத்தி ஊன்றி, நூல் முழுதும் இறுகிய பிறகு, ராடைத் தோள் உயரத்துக்கு ஒரே வேகத்தில் மேலே கொண்டுவாருங்கள். தலை மட்டும் படகின் நடுக்கோட்டிலேயே இருக்கட்டும். தலை விளிம்பைத் தாண்டினால் உடம்பும் கூடவே போகும்.

முள் இறங்கியதும் நிறுத்தாமல் சுற்றி மீனின் தலையைப் பாசிக்கு மேலே கொண்டுவாருங்கள். தலை மேலே இருக்கும் வரை அது சறுக்கிக்கொண்டே வரும். தலை கீழே போய்விட்டால் தண்டுகளைச் சுற்றிக்கொள்ளும். அப்படிச் சுற்றிக்கொண்டால் வெட்டி வெட்டி இழுக்காதீர்கள், நூலோ வாயோ கிழியும். நூலை இறுக்கமாக வைத்தபடி நங்கூரக் கயிற்றை விடுங்கள், ரீலைச் சுற்றச் சுற்றப் படகே மீனிடம் போகும். மேலே போய் நின்று பாசியைக் கையால் விலக்கி எடுங்கள். கரையில் நிற்பவரால் இது முடியாது. காயாக்கின் பெரிய லாபமே இதுதான், புதியவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

பூவிரால் போன்ற பெரிய மீன் திறந்த நீரில் ஓடினால் படகின் முனை அதைப் பார்த்தபடி இருக்கட்டும். அது படகை இழுத்துக்கொண்டு போகட்டும், சீக்கிரம் களைக்கும். பக்கவாட்டில் இழுக்க விட்டால்தான் ஆபத்து.

11. மீனைப் படகில் ஏற்றுவது

ராடின் நீளத்தைவிடக் கொஞ்சம் குறைவாக நூலை வெளியே விட்டு, ராடைத் தலைக்குப் பின்பக்கம் உயர்த்தினால் மீன் கைக்குப் பக்கத்தில் வரும். அதற்கும் அதிகமாகச் சுற்றிவிட்டால் ராட் வில்லாக வளைந்து நுனி உடையும். படகுக்கு அடியில் பாய்ந்தால் ராட் நுனியை நீருக்குள் விட்டு முனையைச் சுற்றி எடுங்கள். பக்கத்தில் வந்ததும் டிராக்கை (ரீல் நூலை விடும் இறுக்கத்தை) கொஞ்சம் தளர்த்துவது நல்லது, கடைசித் துள்ளலில்தான் முள் பிய்த்துக்கொண்டு போகும்.

வாய்ப்பிடியால் கீழ்த்தாடையைப் பிடித்து, மீன் நீரில் இருக்கும்போதே குறட்டால் முள்ளைக் கழற்றுங்கள். வாய்க்குள் விரல் வேண்டாம். முள்ளோடு மடியில் போட்டால் அது துள்ளி, அடுத்த முள் உங்கள் தொடையில் இருக்கும். வீட்டுக்கு எடுப்பதென்றால் நனைத்த கோணிச் சாக்கில் போட்டு வாயைக் கயிறு போட்டு இறுக்குங்கள். விரால் காற்றைச் சுவாசிப்பதால் நீருக்கு வெளியே நெடுநேரம் உயிரோடு இருக்கும், கட்டாத சாக்கிலிருந்து நழுவிப் போய்விடும்.

12. பரிசலில் என்ன மாறும்

பரிசலுக்கு முனையும் இல்லை, வாலும் இல்லை. ஒரு பக்கம் வீசினால் அது மெதுவாக மறுபக்கம் சுழலும். அதைத் தனியாகச் சமாளிக்க நினைக்காதீர்கள். துடுப்புப் போடுபவர் ஒருவர், தூண்டில் ஒருவர், எதிரெதிரே, நடுவை ஒட்டி முட்டி போட்டு அல்லது சம்மணமிட்டு உட்கார வேண்டும். எழுந்து நிற்கக் கூடாது. இரண்டு பேரும் ஒரே விளிம்புக்குப் போகக் கூடாது, மீன் பக்கத்தில் வந்ததும் இருவரும் எட்டிப் பார்ப்பதில்தான் பரிசல் கவிழ்கிறது. மீனை எடுப்பவர் ஒருவர்தான் என்று ஏறும்போதே பேசிவையுங்கள்.

வீசும் திசையைச் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை, பரிசல்காரர். கொளத்தூர் பக்கத்துப் பெரியவர் ஒருவரோடு முதல்முறை போனபோது மீன் அடித்ததும் "அண்ணே, நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன். அவர் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, "கண்ணு, மீன் போற பக்கம் பரிசல் போவட்டும். நீ நூலை மட்டும் தளர விடாத" என்றார். பரிசல் மீனின் பின்னாலேயே சுழன்று சுழன்று போய், பத்து நிமிடத்தில் மீன் ஓய்ந்தது. காயாக்கில் மீனிடம் போக வேண்டும் என்று மேலே சொன்னதை நான் கற்றது அன்றைக்குத்தான்.

பரிசல்காரருடைய ஒரு காலை நேரத் தொழில் உங்களோடு போகிறது, அதனால் கூலியை முன்பே பேசி, மீன் கிடைக்காவிட்டாலும் முழுதாகக் கொடுங்கள். அவர்கள் கட்டிய வலையின் மிதப்புகளுக்கு அருகே வீசாதீர்கள். தவளை மாட்டினால் வலை கிழியும்.

13. கரையேறிய பிறகு

தவளைகளைப் பிழிந்து, திறந்த டப்பாவில் நிழலில் காயவையுங்கள். மூடி வைத்தால் மறுநாளே முள் துருப்பிடிக்கும். ரீலை நனைத்த துணியால் துடைத்து, டிராக்கை முழுதும் தளர்த்தி வையுங்கள், இறுக்கியே வைத்தால் உள்ளிருக்கும் வட்டுகள் அமுங்கிப் போகும்.

வண்டியில் ஏற்றும் முன் காயாக்கைக் கவிழ்த்து, துளைகளிலும் இருக்கைக்கு அடியிலும் நங்கூரத்திலும் ஒட்டியிருக்கும் பாசியைக் கையால் எடுத்துக் கரையில் வெயில் படும் இடத்தில் போடுங்கள். ஆகாயத்தாமரையின் ஒரு சின்னச் செடி அடுத்த ஏரியில் விழுந்தாலும் அங்கே பரவத் தொடங்கிவிடும்.